அக்கா மகளைக் கட்டியவரின் கனடா கோப்பு: ஒரு மறுப்பும் அதைச் சரிசெய்த விதமும்

கணவருக்குச் சொந்த ஊர் பென்னாகரம் பக்கம், வயது 34. எக்ஸ்பிரஸ் என்ட்ரி (திறன் பணியாளர்களுக்கான குடிவரவு முறை) வழியாக 2021இல் தனி ஆளாகப் போய் கனடாவில் பிஆர் (நிரந்தர வசிப்பு உரிமை பெற்றவர்) ஆனவர். பிராம்ப்டனில் வேலை. மனைவி காவேரிப்பட்டணம், வயது 25, பி.எஸ்சி., பி.எட். முடித்தவர். மனைவியைப் பெற்ற அம்மா, கணவரின் மூத்த அக்கா. 2023 ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மொத்த விடுப்பே 24 நாள் என்பதால் ஒன்பதாம் நாளே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. 2024 ஜூனில் மனைவியை ஸ்பான்சர் செய்து, அதாவது பொறுப்பேற்றுக் கனடாவுக்கு அழைத்துக்கொள்ள, விண்ணப்பம். மறு வருஷம் மறுப்பு.

ஒரே சிக்கலில் மாட்டிய சில குடும்பங்களின் அனுபவத்தைச் சேர்த்து ஒரு தம்பதியாக இங்கே எழுதியிருக்கிறது. ஊரும் வயதும் நாளும் மாற்றப்பட்டவை. சட்டப் பிரிவு, படிவ எண், கட்டணம் ஆகியவை மட்டும் உள்ளபடியே.

மறுப்புக் கடிதம் வந்ததும் குடும்பத்தில் எல்லாரும் ஒன்றையே நினைத்தார்கள்: “அக்கா பொண்ணைக் கட்டுனது வெள்ளைக்காரன் சட்டத்துல செல்லாது போல.” அது தவறு. கல்யாணம் செல்லாது என்று கனடா குடிவரவு அதிகாரி சொல்லவே இல்லை. கனடா குடிவரவு விதிகளில் 4(1)ஆம் விதியைக் காட்டியிருந்தார். உறவு உண்மையானதாக இருக்க வேண்டும். குடிவரவுச் சலுகைக்காகவே முதன்மையாக நடந்த கல்யாணமாகவும் இருக்கக் கூடாது. 2010 செப்டம்பர் 30க்குப் பிறகு இந்த இரண்டில் ஒன்று தவறினாலே மறுப்புதான். மாமனுக்கும் மருமகளுக்கும் (அக்கா மகளுக்கும்) ஏற்கெனவே இருந்த பாசம் எங்கே முடிகிறது, புருஷன் பெண்டாட்டி உறவு எங்கே தொடங்குகிறது என்று கோப்பைப் பார்த்து அவரால் பிரித்தறிய முடியவில்லை. அக்கா மகளைக் கனடாவுக்குக் கூட்டிக்கொள்ள ஒரு வழியாகக் கல்யாணம் செய்திருக்கலாம் என்ற ஐயம் அங்கேதான் முளைத்தது.

கோப்பைப் புரட்டிப் பார்த்தால் அவர் மேல் மட்டும் குறை சொல்ல முடியாது.

முதலில் சட்டம்

இந்தக் கல்யாணம் இரண்டு இடத்தில் செல்ல வேண்டும்: நடந்த இடத்தில், கனடாவின் கூட்டரசுச் சட்டத்தில்.

இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 3(ஜி) தடை செய்யப்பட்ட உறவுகளைப் பட்டியலிடுகிறது. மாமன் – மருமகள் அதில் இருக்கிறது. அண்ணன் தங்கை பிள்ளைகளும் இருக்கிறார்கள்; அதாவது மாமன் மகள், அத்தை மகன் கல்யாணமும் அந்தப் பட்டியலுக்குள்தான் வரும். நம் பக்கம் பலருக்கு இது தெரியாது, சொன்னால் நம்புவதும் இல்லை. பிறகு எப்படிச் செல்கிறது? பிரிவு 5(iv) ஒரு விலக்குத் தருகிறது: இருவரையும் கட்டுப்படுத்தும் வழக்கம் அப்படிப்பட்ட கல்யாணத்தை அனுமதித்தால் தடை இல்லை. வழக்கம் என்பது நெடுங்காலமாக, இடைவிடாமல், ஒரே மாதிரியாகப் பின்பற்றப்பட்டு வருவது என்று பிரிவு 3(ஏ) விளக்குகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் தமிழ் பேசுகிறவர்களிடமும், மேனரிகம் என்று சொல்லும் தெலுங்குக் குடும்பங்களிடமும் இந்த வழக்கம் தலைமுறைகளாக உண்டு.

ஆக, கல்யாணத்தைச் செல்ல வைப்பது வழக்கம். பதிவுச் சான்று இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சான்று, கல்யாணம் நடந்ததற்கு ஆதாரம், அவ்வளவே. சடங்கே நடக்காமல் பதிவு மட்டும் செய்தால் கல்யாணம் ஆகிவிடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பதிவு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இன்படி எந்த மதத்தவரும் 90 நாளுக்குள் பதிய வேண்டும்; தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. மாப்பிள்ளை வெளிநாட்டில் என்றால் அந்த 90 நாள் கணக்கு உதவாது. விடுப்புக்குள் முடிக்க வேண்டும். இவர்கள் முடித்தார்கள், அது நல்லது.

புரோகிதர் இல்லாத கல்யாணம் என்றாலும் கவலை வேண்டாம். பிரிவு 7ஏ, தமிழ்நாடு 1967இல் கொண்டுவந்த திருத்தம், சுயமரியாதை, சீர்திருத்தக் கல்யாணங்களைச் செல்லும் என்கிறது. மாலை மாற்றியது, மோதிரம் அணிவித்தது, தாலி கட்டியது ஆகியவற்றில் எது நடந்ததோ அதைக் கோப்பில் தெளிவாகச் சொன்னால் போதும்.

கனடா பக்கம் இன்னும் எளிது. அங்கே திருமணத் தடை உறவுகள் சட்டம் 1990, நேர்வழி உறவையும் (பெற்றோர், பிள்ளை, பாட்டன், பேத்தி போல) உடன்பிறந்தவர்களையும் மட்டுமே தடுக்கிறது. மாமன் – அக்கா மகள் அதில் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு வேறு நாட்டுக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது. இங்கிலாந்திலும் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் மாமன் – மருமகள் கல்யாணம் தடை செய்யப்பட்டது. லண்டன் மாப்பிள்ளைக்கு அக்கா மகளைப் பேசி முடிப்பதற்கு முன்பே அந்த ஊர் வக்கீலிடம் கேட்டுவிட வேண்டும். தாலி கட்டிய பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.

கோப்பு எங்கே இடறியது

மறுப்புக் கடிதம் ஒன்றிரண்டு வரியில் காரணம் சொல்லும். முழுக் காரணம் அதிகாரியின் உள்குறிப்பில் இருக்கும். அதைத் தகவல் உரிமை வழியாக 5 டாலர் கட்டி வாங்கலாம். கணவர் கனடாவிலேயே இருப்பதால் மனைவியின் சம்மதப் படிவம் ஐஎம்எம் 5744இல் கையெழுத்து வாங்கி அவரே கேட்கலாம். மறுப்பு வந்த அன்றே இதைக் கேட்டுவிட வேண்டும். ஏனென்றால் மேல்முறையீட்டுக்குக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்தான். உள்குறிப்பு கைக்கு வரும்முன் அந்தக் கெடு முடிந்துவிடலாம். குறிப்பு வராவிட்டாலும் மேல்முறையீட்டு அறிவிப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். அறிவிப்பு கொடுக்கக் கட்டணம் இல்லை.

இந்தக் கோப்பின் குறிப்பில் முதலில் கண்ணில் பட்டது வாட்ஸ்அப் உரையாடல். பத்துப் பக்கம் கொடுத்திருந்தார்கள். கேட்பதும் அதிகபட்சம் அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிடிபி கடையில் மொழிபெயர்த்து நோட்டரி முத்திரை வாங்கியது. மூலத்தில் இப்படி இருக்கிறது:

“மாமா சாப்ட்டீங்களா? ஷிஃப்ட் முடிஞ்சிதா?”
“முடிஞ்சிது பாப்பா. நீ தூங்கலையா?”

மொழிபெயர்ப்பில் மாமா, ‘அங்கிள்’ ஆகிவிட்டார். பாப்பா, ‘சைல்டு’ ஆகிவிட்டாள். பத்துப் பக்கமும் இப்படியே. சித்தப்பன் வீட்டுப் பிள்ளையோடு பேசுவது போலத்தான் யாருக்கும் தோன்றும். நம் ஊரில் அக்கா மகளைக் கட்டியவரை மனைவி சாகும்வரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். சொந்தத்துக்கு வெளியே கட்டிய பெண்களும் புருஷனை மாமா என்பதுண்டு. சின்ன வயதிலிருந்து வீட்டில் எல்லாரும் கூப்பிட்ட பாப்பா என்ற பேரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. மொழிபெயர்த்தவர் பொய் சொல்லவில்லை. அகராதிப்படி சரியாகத்தான் எழுதினார். கோப்பைக் கவிழ்த்தது அந்தச் சரிதான்.

அடுத்தது பணம். கணவர் வேலைக்குப் போன நாளிலிருந்து மாதாமாதம் அக்கா கணக்குக்குப் பணம் அனுப்புகிறார். கல்யாணத்துக்குப் பிறகும் அதே கணக்கு, ஏறக்குறைய அதே தொகை. மனைவியின் பீஸ், பிறந்தநாள் புடவை, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அந்தப் பணத்திலிருந்துதான். குடும்பத்துக்கு அது இயல்பு. அக்காவே மாமியாராகவும் இருக்கும்போது தனியாக எதற்குக் கணக்கு? ஆனால் வங்கித் தாளில் தெரிவது, அக்காவுக்கு உதவும் தம்பி. புதிதாக ஒரு மனைவி வந்ததற்கு அங்கே எந்தத் தடமும் இல்லை.

மூன்றாவது, முகவரி. ஐஎம்எம் 5669 படிவத்தில் கடந்த வருஷங்களின் முகவரிகளை இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும். மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஒரே முகவரி, அம்மா வீடு. புருஷன் ஊரில் இல்லாதபோது புகுந்த வீட்டில் இருப்பதுதானே வழக்கம் என்று யாரும் கேட்பார்கள். புகுந்த வீடு என்பது இங்கே சொந்த அம்மாயி (அம்மாவின் அம்மா) வீடு, அதுவும் வயதானவர் தனியாக இருக்கிற வீடு. மனைவி தனியார் பள்ளியில் வேலைக்குப் போவது காவேரிப்பட்டணத்திலிருந்து. வாரக் கடைசியில் பென்னாகரம் போய் வருகிறார். இதில் ஒரு வார்த்தையும் கோப்பில் இல்லை.

நான்காவது, வரி. கணவர் 2023ஆம் வருஷ வரிக் கணக்கில் ‘தனியாள்’ என்றே போட்டிருந்தார். மனைவி இந்தியாவில்தானே இருக்கிறாள், இங்கே வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். கனடா வருவாய்த் துறைக்குத் திருமண நிலை மாறிய மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் தெரிவிக்க வேண்டும். மனைவி எந்த நாட்டில் இருந்தாலும் சரி. ஸ்பான்சர் செய்கிறவர் வரி மதிப்பீட்டுத் தாளைக் கோப்பில் வைக்கிறார். ஒரு தாளில் மணமானவர், இன்னொரு தாளில் தனியாள். உறவுத் திருமணமோ அந்நியத் திருமணமோ, இந்தத் தவறு யார் கோப்பிலும் கெடுதல்தான் செய்யும். இதை அதிகாரி குறித்து வைத்ததில் ஆச்சரியம் இல்லை.

ஐந்தாவது, அக்காவின் பெயர். கணவர் 2020இல் தன் பிஆர் விண்ணப்பத்தில் உடன்பிறந்தவர்கள் பட்டியலில் அக்கா பெயரை ஒரு விதமாக எழுதியிருந்தார். மனைவியின் பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தில் தாயார் பெயர் வேறு எழுத்தில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பின் மாறிய இனிஷியல் வேறு. இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று கோப்பில் எங்கும் சொல்லவில்லை. உறவை மறைக்கப் பார்த்திருக்கிறார்கள் என்று படிக்க இடம் கொடுத்தது இதுதான். உண்மையில் மறைக்க யாரும் நினைக்கவில்லை. உறவைப் பற்றிய விளக்கத்தில் “குடும்பத்துக்குத் தெரிந்தவர்கள்” என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். அக்கா மகள் என்று எழுதினால் அவர்களுக்குப் புரியாது, எதற்கு வம்பு என்று யாரோ சொன்ன யோசனை.

இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதிகாரியின் திரையில் கணவரின் பழைய கோப்பும் இருக்கிறது. அதோடு, முக்கியமான தகவலை மறைத்தார் என்று முடிவானால் ஐந்து வருஷம் கனடாவுக்குள் வரத் தடை விழும். அந்த அளவுக்குப் போகாமல் வெறும் மறுப்போடு நின்றது இவர்களின் நல்ல காலம்.

மேல்முறையீடா, புது விண்ணப்பமா

இரண்டும் முடியும். புது விண்ணப்பம் என்றால் மறுபடி முழுக் கட்டணம். 2024 ஏப்ரல் 30 முதல் இருந்த கணக்குப்படி ஸ்பான்சர் கட்டணம் 85 டாலர், பரிசீலனை 545, நிரந்தர வசிப்பு உரிமைக் கட்டணம் 575, ஆக 1,205. கைரேகைக்கு 85 தனி. மறுத்தால் அந்த 575 மட்டும் திரும்பி வரும்.

இந்த மாதிரிக் கோப்புக்கு மேல்முறையீடே மேல். குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவு பழைய முடிவில் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் புதிதாகக் கேட்கும், மறுப்புக்குப் பின் வந்த சான்றையும் எடுத்துக்கொள்ளும். கணவர் வாயால் சொல்லலாம், மனைவியைத் தொலைபேசியிலோ காணொலியிலோ விசாரிப்பார்கள். மாமன் மருமகள் உறவைத் தாளில் விளக்குவதைவிட இருவரும் பேசி விளக்குவது எளிது. முழு விசாரணைக்கு முன்பே சமரசக் கூட்டத்தில் முடிந்துவிடும் கோப்புகளும் உண்டு. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அரைகுறைச் சான்றோடு போய்த் தோற்றால், அதே கதையோடு மறுபடி விண்ணப்பித்து மேல்முறையீடு போகும்போது பழைய தீர்ப்பே குறுக்கே நிற்கும். தயாரான பிறகுதான் விசாரணைக்கு உட்கார வேண்டும்.

ஐஎம்எம் 1344 படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. ஸ்பான்சருக்குத் தகுதி இல்லை என்று தெரிந்தால் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கவா, தொடரவா என்று கேட்கும். வாபஸ் என்று போட்டால் பணத்தில் பெரும்பகுதி திரும்பும், மேல்முறையீட்டு உரிமை போய்விடும். அவசரத்தில் டிக் அடித்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

கோப்பை மறுபடி கட்டியது

முதல் வேலை, உறவை முதல் பக்கத்திலேயே சொல்வது. ஒரு தாளில் வம்ச வரைபடம்: மேலே கணவரின் அப்பா அம்மா, அவர்களுக்குக் கீழே பிள்ளைகள், மூத்த அக்காவிலிருந்து ஒரு கோடு மனைவிக்கு, கணவரிடமிருந்து ஒரு கோடு அதே மனைவிக்கு. கூடவே குடும்பத்தில் இதற்கு முன் நடந்த அதே மாதிரிக் கல்யாணங்கள். இந்தக் குடும்பத்தில் மனைவியின் அப்பா வழிப் பாட்டியும் தாத்தாவும் அக்கா மகள் – மாமன். ஒரு சித்தியும் தாய்மாமனைக் கட்டியவர். இரண்டையும் பெயர், ஊர், ஏறக்குறைய எந்த வருஷம் என்பதோடு வரைபடத்தில் குறித்து, பெரியவர்கள் இருவரின் பிரமாணப் பத்திரம் இணைக்கப்பட்டது. பிரிவு 3(ஏ), 3(ஜி), 5(iv) மூன்றையும் எடுத்துக்காட்டி வக்கீல் ஒருவரின் கருத்துக் கடிதம் ஒரு பக்கம். கனடாவின் 1990 சட்டம் பற்றி இரண்டு வரி. அக்காவின் இரண்டு பெயரும் ஒருவரே என்பதற்கு அவருடைய ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ் நகலோடு தனிப் பிரமாணப் பத்திரம்.

மொழிபெயர்ப்பைப் புதிதாகச் செய்தார்கள். குடும்பத்தார் மொழிபெயர்க்கக் கூடாது; கனடாவில் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லையென்றால், செய்தவர் நோட்டரி முன் பிரமாணம் செய்து தர வேண்டும். இந்த முறை மாமா, பாப்பா இரண்டையும் மொழிபெயர்க்காமல் ஒலிப்படியே விட்டு, கீழே மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: மாமா என்பது தாயின் உடன்பிறந்தவரையும் கணவரையும் குறிக்கும் சொல், இந்தப் பகுதியில் மனைவி கணவரை இப்படி அழைப்பது வழக்கம், பாப்பா என்பது இப்பெண்ணுக்குச் சிறு வயதிலிருந்து வீட்டில் வழங்கும் செல்லப் பெயர். உரையாடலைத் தேர்ந்தெடுத்ததிலும் மாற்றம். கல்யாணம் ஆன மாதப் பேச்சையே பத்துப் பக்கமும் வைக்காமல், பேச்சு தொடங்கியதிலிருந்து மறுப்பு வந்த வாரம் வரை மாதத்துக்கு ஒரு துண்டு. வாடகை வீடு பார்ப்பது, அங்கே வந்தால் ஆசிரியர் வேலைக்கு என்ன படிக்க வேண்டும், குழந்தை இப்போதா பிறகா என்று புருஷன் பெண்டாட்டிக்குள் மட்டும் நடக்கும் பேச்சு. ஒரு சண்டையும் இருந்தது. அவர் பத்து நாள் சரியாகப் பேசவில்லை என்று. அதையும் வைத்தார்கள். நல்லவேளை வைத்தார்கள்.

புகைப்படம் அதிகபட்சம் இருபது. முதல் கோப்பில் இருபதும் கல்யாண மேடையிலேயே எடுத்தது. புதியதில் மேடை ஆறுதான். ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், யார் யார், என்ன உறவு. மேடைப் படம் ஒன்றில் தாய்மாமன் சீர் வைக்கிறவர் கணவரின் தம்பி. மாமனே மாப்பிள்ளை ஆனபோது மாமன் சடங்கைச் செய்ய அடுத்த மாமன் நின்றார். இந்த ஒரு படமும் அதன் கீழிருந்த மூன்று வரியும், அன்றைக்குக் குடும்பம் உறவை எப்படி மாற்றிக்கொண்டது என்பதைச் சொல்லிவிட்டன.

மொய் நோட்டையும் வைத்தார்கள். நீளவாக்கில் மடித்த, அட்டையில் மஞ்சள் தடவிய நோட்டு. ஊர், பெயர், தொகை என்று மூன்று பத்தி. ஓரத்தில் பேனா மாறிய இடம் தெரிகிறது, சாப்பாட்டுப் பந்தி நேரத்தில் எழுதுகிறவர் மாறியிருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரர்கள் ஒன்றே என்பதால் ஒரே நோட்டு. முதல் நான்கு பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டும் நகல் எடுத்து, மொய் என்றால் என்ன என்று ஒரு பத்தி. ஊரறிய நடந்த கல்யாணம் என்பதற்கு வீடியோவைவிட இது வலுவாக நிற்கிறது. வீடியோ யாரும் பார்க்கப்போவதில்லை. இது ஒரு பார்வையில் புரியும்.

மஞ்சள் நீராட்டுப் படம் வைக்கலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது. மனைவி பெரியவளானபோது மாமன் என்ற முறையில் கணவர்தான் சீர் கொண்டு வந்தார். வைக்க வேண்டாம் என்றுதான் முடிவானது, மறைப்பதற்காக அல்ல. பதின்மூன்று வயதுப் பெண்ணைக் கல்யாணத்துக்கு நிச்சயித்து வைத்தது போல அந்தப் படம் தவறாகப் பேசும். பேச்சு தொடங்கியது மனைவிக்கு 23 வயதில், படிப்பு முடிந்த பிறகு. கேட்டால் உள்ளதைச் சொல்லலாம், கேட்காததை அரைகுறையாகக் காட்டி வைக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த இரண்டு மாவட்டங்களிலும் பெண்ணின் வயதும் சம்மதமும் வெறும் படிவக் கேள்விகள் அல்ல. ‘மாமன் இருக்கும்போது வெளியில் எதற்கு’ என்று பெண்ணைக் கேட்காமலே முடித்த கல்யாணங்கள் இருக்கின்றன. விசாரணையில் மனைவியைத் தனியாகக் கேட்பார்கள்: யார் முதலில் பேசியது, வேறு வரன் வந்ததா, மாமாவையே ஏன், வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும். இதற்கு மனப்பாடப் பதில் தயாரித்துத் தரக் கூடாது. விருப்பமில்லாத பெண்ணுக்காக யாரும் கோப்பு தயாரிக்கவும் கூடாது. அப்படிப்பட்ட நிலையில் இருக்கும் பெண்ணுக்கு 181 மகளிர் உதவி எண்ணும், 18 வயது ஆகாதவர் என்றால் 1098ம் இருக்கின்றன. இந்தக் கோப்பின் பெண், ஈரோட்டிலிருந்து வந்த ஒரு வரனைத் தானே வேண்டாம் என்று சொன்னவர். எதற்காக என்பதை ஒரு பக்கம் தன் கையால் தமிழில் எழுதினார். அது மொழிபெயர்ப்போடு கோப்பில் போனது.

பணத்துக்கு மனைவி பெயரில் தனிக் கணக்கு தொடங்கினார்கள். அக்காவுக்குப் போகும் பணம் நிற்கவில்லை, நிற்கவும் வேண்டாம். அது ஒரு தொகை, மனைவிக்கு வேறு தொகை. கணவரின் ஆயுள் காப்பீட்டிலும் வேலையிடக் குழுக் காப்பீட்டிலும் பயனாளியாக மனைவி பெயர். 2023 வரிக் கணக்கைத் திருத்தி, மனைவியின் வருமானத்தையும் காட்டி மறு மதிப்பீடு வாங்கினார். மறுப்புக்குப் பிறகு செய்தது என்பது தேதியிலேயே தெரியும். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை, தெரியாமல் செய்ததாக ஒரு பத்தியில் ஒப்புக்கொண்டார். இனிமேலுக்கு என்று ஆறு மாதத் தடம் இருந்தால் போதும், முந்தைய மாதங்களுக்குத் தடம் உண்டாக்கப் பார்ப்பதுதான் ஆபத்து.

கணவர் இடையில் வந்து ஆறு வாரம் இருந்தார். பிஆர் ஆக இருந்து ஸ்பான்சர் செய்கிறவர் பரிசீலனைக் காலம் முழுக்கக் கனடாவில் குடியிருக்க வேண்டும். குறுகிய பயணம் பரவாயில்லை, இங்கேயே வந்து தங்கிவிட்டால் ஸ்பான்சர் தகுதியே போகும். குடிமகனாகிவிட்டவருக்கு இந்தக் கட்டு இல்லை. மனைவி வரும்போது தானும் கனடாவில் குடியேறுவேன் என்று காட்டினால் போதும்.

மேல்முறையீடு சமரசக் கூட்டத்திலேயே ஏற்கப்பட்டது. அத்தோடு விசா வந்துவிடாது. கோப்பு விசா அலுவலகத்துக்குத் திரும்பிப் போய், மீதிப் பரிசீலனை அங்கே நடக்கும்.

கடைசிக் கட்டத்தில் வந்த தாமதம்

மருத்துவப் பரிசோதனைக்கு 12 மாதம்தான் ஆயுள். முதல் தடவை எடுத்தது காலாவதி. போலீஸ் சான்றும் பழசு. பாஸ்போர்ட் சேவா வழியாக 500 ரூபாய் கட்டி மறுபடி விண்ணப்பித்தார். பாஸ்போர்ட்டில் இருக்கும் முகவரியும் இப்போது இருக்கும் முகவரியும் வேறானால் போலீஸ் விசாரணைக்கு நேரம் பிடிக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். கைரேகைக்கு இந்தப் பக்கத்தார் பலர் சென்னைக்கே ஓடுகிறார்கள். பெங்களூரிலும் மையம் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாகக் காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

மருத்துவப் பரிசோதனைக்குக் கடிதம் வந்தபோது மனைவிக்கு மூன்று மாதம். பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. கர்ப்பமாக இருந்தால் வயிற்றை மறைத்து எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கலாம், அல்லது பிரசவம் வரை தள்ளிப்போடலாம். இரண்டும் தாயின் முடிவு. இவர் தள்ளிப்போட்டார்.

அப்போது வந்த யோசனைதான் மிகவும் கொடியது: “குழந்தை விஷயத்தை இப்போ சொல்லாதீங்க, போய்ச் சேர்ந்த பிறகு குழந்தையைக் கூப்பிட்டுக்கலாம்.” குடிவரவு விதி 117(9)(டி) என்ன சொல்கிறது என்றால், ஒருவர் பிஆர் ஆகும்போது தெரிவிக்காமலும் பரிசோதிக்கப்படாமலும் விட்ட குடும்பத்தாரை அவர் பின்னாளில் குடும்ப வகுப்பில் ஸ்பான்சர் செய்யவே முடியாது. கணவர் பிஆர் மட்டுமே. அதனால் இங்கே பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பால் கனடாக் குடியுரிமை இல்லை. குழந்தையையும் மனைவியின் கோப்பில்தான் சேர்க்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்த உடனே இணையப் படிவம் வழியாகத் தெரிவித்தார்கள். பிறந்ததும் பிறப்புச் சான்று, குழந்தையின் பாஸ்போர்ட், குழந்தைக்கான மருத்துவப் பரிசோதனை. குழந்தைக்கு 575 டாலர் கட்டணம் கிடையாது.

பிறப்புச் சான்றில் ஒரு சங்கதி. ஆஸ்பத்திரியில் பெயர் வைக்காமலே பதிந்துவிடுவார்கள். பெயரில்லாத சான்றில் பாஸ்போர்ட் எடுக்கப் போய் அலைய வேண்டாம். பதிவு நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. சேர்க்கும்போதே தாய் தந்தை பெயரின் எழுத்து, இருவரின் பாஸ்போர்ட்டிலும் இருப்பது போலவே இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு ஒரே பெயர், குடும்பப் பெயர் இல்லை என்றால், கனடாப் படிவத்தில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, முதற்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். இவர்கள் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்து அந்தச் சிக்கலைத் தவிர்த்தார்கள்.

விசா கைக்கு வந்ததும் அதில் உள்ள கடைசித் தேதியைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனை முடியும் நாளை ஒட்டியே இருக்கும், நீட்டித் தருவார்கள் என்று நம்பிப் பயணத்தைத் தள்ளக் கூடாது. 2017 ஏப்ரல் முதல் கனடாவில் நிபந்தனை பிஆர் கிடையாது. இறங்கிய நாளிலிருந்தே முழு பிஆர். இரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தால்தான் நிலைக்கும் என்ற பழைய கட்டு எடுக்கப்பட்டுவிட்டது. இது மனைவிக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய செய்தி, கணவர் வாய்வழியாக மட்டும் அல்ல. கணவர் கொடுத்த உறுதிமொழிப்படி மூன்று வருஷம் மனைவியின் அடிப்படைச் செலவுக்கு அவரே பொறுப்பு. இடையில் பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு போகாது. ஸ்பான்சரில் வந்த மனைவி, பிஆர் ஆன நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்கு வேறொரு துணையை ஸ்பான்சர் செய்ய முடியாது.